மவுஸைத் தொடாமல் ஒரு விண்ணப்பம்

சேரன்மாதேவியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் அடுத்த இரண்டு மாதம் அதன் வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. பிளாஸ்டிக் ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி பிள்ளைகள், கூடவே அம்மாவோ தாத்தாவோ. உள்ளே ஒரு அக்கா காலையிலிருந்து இரவு வரை ஊரார் விண்ணப்பங்களை அடித்துக்கொண்டே இருப்பார். கண் ஜெராக்ஸ் தாளில், விரல் கீபோர்டில். திரையை அவர் நிமிர்ந்து பார்ப்பது அபூர்வம்.

போன வருடம் ஓர் அறக்கட்டளைக்காக நான் செய்துகொடுத்த கல்வி உதவித்தொகைப் படிவத்தை அவர் நிரப்புவதை ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். "தம்பி, மத்ததெல்லாம் தாளப் பாத்துக்கிட்டே அடிச்சிருதேன். ஒங்க ஃபாரத்துக்கு மட்டும் கை மவுஸுக்கும் கீபோர்டுக்குமா அலையுது" என்றார். எத்தனை முறை கை மவுஸுக்குப் போகிறது என்று எண்ண ஆரம்பித்தேன். பாதிப் படிவம் தாண்டுவதற்குள் இரண்டு கை விரலும் தீர்ந்துவிட்டது. அந்தக் கை அலைச்சலுக்கு நான்தான் காரணம்.

இந்த வருடம் அதே படிவத்தை மறுபடி கட்ட வேண்டும். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி என நான்கு மாவட்டப் பிள்ளைகளுக்கான உதவித்தொகை. நிரப்பப் போகிறவர்கள் மூன்று விதம். அந்த அக்காவைப் போல நாளெல்லாம் அடிக்கிறவர்கள். வீட்டில் போனை வைத்துத் தானே நிரப்பும் பிள்ளைகள். பாளையங்கோட்டையில் தங்கிப் படிக்கும், கண் தெரியாத, திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருளை வைத்து இணையத்தைப் பயன்படுத்தும் மாணவர்கள். முதலாமவரும் மூன்றாமவரும் திரையைப் பார்க்காமல் கீபோர்டை மட்டும் நம்பி வேலை செய்கிறவர்கள் என்பது எனக்கு அந்த நாளில்தான் உறைத்தது. ஒருவருக்கு எது இடைஞ்சலோ அது பெரும்பாலும் மற்றவருக்கும் இடைஞ்சல். அதனால் ஒவ்வொரு முடிவையும் கீபோர்டை வைத்தே எடுத்துப் பார்த்தேன். என்னென்ன வழிகள் இருந்தன, எதை எடுத்தோம், எதை விட்டோம், ஏன் என்பதை இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊர்ப் பள்ளிக்கோ சங்கத்துக்கோ படிவம் செய்கிறீர்கள் என்றால் உதவும்.

முதலில், எதை வைத்துக் கட்டுவது? மூன்று வழி இருந்தது.

ஒன்று, கூகுள் ஃபார்ம்ஸ். காசு இல்லை, அரை நாளில் முடிந்துவிடும், கீபோர்டிலும் ஓரளவு ஒழுங்காக ஓடும். நாற்பது ஐம்பது பேர் வரும் விண்ணப்பம் என்றால் நான் வேறு எதையும் யோசிக்க மாட்டேன். எங்களுக்கு இடித்த இடம் சான்றிதழ். கோப்பு சேர்க்கும் கேள்வியை வைத்தால் நிரப்புகிறவர் கூகுள் கணக்கில் நுழைந்தே ஆக வேண்டும். சென்டரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்குத் திறந்து, பாஸ்வேர்டை மறந்து, மறுபடி வாங்கி... நடக்கிற காரியம் இல்லை. கடைசியில் அக்கா தன் கணக்கிலேயே எல்லார் சான்றிதழையும் ஏற்ற வேண்டிவரும். அது சரியில்லை.

இரண்டு, ரெடிமேட் டெம்பிளேட். போன வருடம் நான் எடுத்தது இதைத்தான். பார்க்க அழகு. ஆனால் அதில் பட்டன் மாதிரி தெரிந்த பல பொருட்கள் உண்மையில் பட்டன் இல்லை. டிவ் என்ற வெறும் பெட்டிக்குச் சாயம் பூசி, மவுஸால் கிளிக் செய்தால் மட்டும் வேலை செய்யும்படி கட்டியிருந்தார்கள். டேப் விசையை அழுத்தினால் ஃபோகஸ், அதாவது கீபோர்டு அப்போது நிற்கும் இடம், அங்கே நிற்கவே நிற்காது, தாண்டிப் போய்விடும். அதைக் கீபோர்டுக்குப் பழக்க வேண்டுமென்றால் டேப் நிற்கும்படி செய்ய வேண்டும், என்டருக்கும் ஸ்பேஸுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும், திரைவாசிப்பானிடம் இது பட்டன் என்று சொல்லவும் வேண்டும். தேர்வுப் பட்டியல் என்றால் மேல் கீழ் அம்பு, ஹோம், எண்ட், எஸ்கேப், எழுத்தை அடித்தால் தாவுவது என வேலை நீண்டுகொண்டே போகும். நன்றாகச் செய்த தொகுப்புகளும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எது நன்றாகச் செய்தது என்று கண்டுபிடிக்கவே ஒருவர் மவுஸைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

மூன்று, வலைப்பக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் ஏற்கெனவே இருக்கும் பட்டன், இன்புட் (அடிக்கும் கட்டம்), செலக்ட் (தேர்வுப் பட்டியல்), லேபிள் (கட்டத்தின் பெயர்), ஃபீல்ட்செட் (கட்டங்களைச் சேர்க்கும் குழு) இவற்றை அப்படியே வைப்பது. டேப் அடுத்த கட்டத்துக்குப் போகும், ஷிஃப்ட் டேப் திரும்பி வரும், ஸ்பேஸ் டிக் போடும், பலவற்றில் ஒன்றை மட்டும் தேர்வு செய்யும் ரேடியோ பட்டன் குழுவுக்குள் அம்பு விசை நகர்த்தும். இத்தனையும் பிரவுசரே செய்துகொடுக்கும். ஒரு வரி எழுத வேண்டாம். தோற்றத்தில் கொஞ்சம் சாதாரணமாக இருக்கும், அவ்வளவுதான். இதையே எடுத்தோம்.

இனி, அதிகம் யோசிக்க வைத்த விஷயம்: என்டர் விசை.

நம் பக்கத்தில் கீபோர்டு வேகமாக ஓட்டுகிறவர்களில் நிறையப் பேர் டேலி என்ற கணக்கு மென்பொருளில் கை பழகியவர்கள். டேலியில் என்டர் அடித்தால் அடுத்த கட்டம். எல்லாம் முடிந்தால் கன்ட்ரோலோடு ஏ. இணையப் படிவத்தில் என்டர் அடித்தால் படிவமே அனுப்பப்பட்டுவிடும். அக்காவின் கை தன் போக்கில் என்டரைத் தட்டும், அரைகுறை விண்ணப்பம் கிளம்பும்.

இதில் போன வருடம் இன்னொரு தவறும் சேர்ந்துகொண்டது. எழுத்துக் கட்டத்தில் இருந்து என்டர் அடித்தால், படிவத்தின் வரிசையில் முதலாவதாக வரும் சமர்ப்பிப்பு பட்டனைத்தான் பிரவுசர் அழுத்தும். பட்டனுக்கு வகை எதுவும் சொல்லாமல் விட்டால் அதுவும் சமர்ப்பிப்பு பட்டனாகவே எடுத்துக்கொள்ளப்படும். என் படிவத்தில் 'முந்தைய பக்கம்' என்ற பட்டன்தான் முதலில் இருந்தது, அதற்கு நான் வகை போடவில்லை. என்டர் அடித்தவர்கள் எல்லாரும் முந்தைய பக்கத்துக்குப் போனார்கள், அடித்தது அழிந்தது. எத்தனை பேர் இதனால் எரிச்சலோடு எழுந்து போனார்களோ. சரிசெய்ய ஒரே ஒரு சொல் சேர்த்தால் போதும் என்பதுதான் இன்றுவரை மனதை உறுத்துகிறது.

சரி, இந்த முறை என்டரை என்ன செய்வது? எல்லாருக்கும் டேலி மாதிரி மாற்றிவிடலாம் என்றார் அறக்கட்டளையில் ஒரு பெரியவர். அக்காவுக்கும் அதுதான் ஆசை. அவர் சொன்ன காரணமும் நியாயமானது. மார்க் அடிக்கும்போது வலது கை எண் விசைகளின் மேல் இருக்கும். அங்கே என்டர் சுண்டுவிரலடியில் இருக்கிறது, டேப் இன்னொரு கோடியில் இருக்கிறது. பத்தாம் வகுப்புக்கு ஐந்து பாடம், பன்னிரண்டுக்கு ஆறு பாடம், ஆக 11 எண்கள். ஒவ்வொன்றுக்கும் இடது கை நீண்டு டேப்பைத் தட்ட வேண்டும் என்றால் தாளைப் பிடிப்பது யார்?

மறுபக்கம், பாளையங்கோட்டை மாணவர் ஒருவரிடம் கேட்டேன். "அண்ணே, எனக்கு எல்லா வெப்சைட்டும் ஒரே மாதிரி நடக்கணும். ஒங்க எடத்துல மட்டும் என்டர் வேற மாதிரின்னா, நான் அனுப்பிட்டேனா இல்லையான்னே தெரியாது" என்றார். திரையைக் காதால் கேட்கிறவருக்கு வழக்கம்தான் வரைபடம். அதைக் கலைக்கக் கூடாது.

அதனால் இப்படி முடிவெடுத்தேன். என்டர் இயல்பாக உள்ளபடியே இருக்கும். மார்க் பக்கத்தின் மேலே ஒரு டிக் பெட்டி: 'என்டர் அடித்தால் அடுத்த கட்டத்துக்குப் போகவும்'. யார் டிக் போடுகிறார்களோ அவர்களுக்கு மட்டும், அந்தக் கணினியில் மட்டும் நினைவில் நிற்கும். கடைசி மார்க்குக்குப் பிறகு என்டர் அடித்தால் ஃபோகஸ் 'அடுத்து' பட்டனில் போய் நிற்கும், தானாக அனுப்பாது. சென்டர்களில் ஒரு முறை டிக் போட்டால் சீசன் முழுக்கப் போதும்.

மார்க் கட்டத்தைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. எண்தானே என்று அதை எண் வகைக் கட்டமாக வைத்திருந்தேன். அந்த வகைக் கட்டத்தில் கீழ் அம்பை அழுத்தினால் எண்ணில் ஒன்று குறையும். எக்செலில் பழகிய கை, அடுத்த வரிக்குப் போகக் கீழ் அம்பைத் தட்டும். 92 அடித்துவிட்டுக் கீழ் அம்பு, மார்க் 91. திரையைப் பார்க்காதவருக்கு இது தெரியவே தெரியாது. ஒரு மார்க்கில் பட்டியலை விட்டு வெளியே போகும் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? இப்போது சாதாரண எழுத்துக் கட்டம்தான். போனில் மட்டும் எண் கீபோர்டு வரும்படி இன்புட்மோடு என்ற பண்பைச் சேர்த்திருக்கிறேன்.

அடுத்து பிறந்த தேதி. இதற்கு நான்கு வழி பார்த்தேன்.

நாள்காட்டிப் படத்தைத் திறந்து தேர்ந்தெடுப்பது ரயில் டிக்கெட்டுக்குச் சரி, அடுத்த வாரத் தேதிக்குச் சரி. 18 வயதுப் பிள்ளையின் பிறந்த தேதிக்கு மாதம் மாதமாகப் பின்னால் போனால் 216 முறை அழுத்த வேண்டும். நாள், மாதம், வருடம் என மூன்று தேர்வுப் பட்டியல் வைத்தால் மனப்பாடமாக அடிக்கிறவரும் பட்டியலைத் துழாவ வேண்டும்.

பிரவுசரே தரும் தேதிக் கட்டம் மூன்றாவது வழி. கீபோர்டில் எண்களை நேராக அடிக்கலாம், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அது நாளை முதலில் காட்டுமா, மாதத்தை முதலில் காட்டுமா என்பது அந்தக் கணினியின் அல்லது பிரவுசரின் மொழி அமைப்பைப் பொறுத்தது. நம் ஊர் சென்டர்களில் கணினி வாங்கிய நாளில் இருந்த அமெரிக்க ஆங்கில அமைப்பே பல இடங்களில் அப்படியே கிடக்கிறது. அங்கே மாதம்தான் முதலில். தாளைப் பார்த்து 05 06 2007 என்று அடிப்பவர் ஜூன் 5 என்று நினைப்பார், பதிவாவது மே 6. பிழை என்று எதுவும் காட்டாது, ஏனென்றால் இரண்டுமே சரியான தேதிகள். நாள் 12-ஐத் தாண்டினால்தான் முட்டும்.

ஆகவே நான்காவது: மூன்று சின்ன எழுத்துக் கட்டங்கள், ஒவ்வொன்றின் மேலும் நாள், மாதம், வருடம் என்று லேபிள், மூன்றையும் சேர்த்து 'பிறந்த தேதி' என்ற ஒரே ஃபீல்ட்செட்டுக்குள். எட்டு எண், இரண்டு டேப். திரைவாசிப்பான் கட்டத்தின் பெயரோடு குழுவின் பெயரையும் வாசிக்கும். குழப்பத்துக்கு இடமே இல்லை. பிரிட்டன் அரசின் இணையதளங்களுக்கான வடிவமைப்பு முறையும் இதே மூன்று கட்ட வழியைத்தான் சொல்கிறது. கட்டம் நிறைந்ததும் தானாக அடுத்ததற்குத் தாவ வைக்காதீர்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறது.

அந்தத் தானாகத் தாவும் விஷயத்தில் என் கை சுட்டுக்கொண்டது. போன வருடம் ஆதார் எண்ணை நான்கு நான்காக மூன்று கட்டமாகப் பிரித்து, நான்கு எண் விழுந்ததும் அடுத்த கட்டத்துக்குத் தாவும்படி வைத்திருந்தேன். அக்காவுக்கு வேகமாக இருக்கும் என்று நினைத்தேன். நடந்தது வேறு. அவர் திரையைப் பார்ப்பதில்லை. நான்கு எண் அடித்ததும் பழக்கத்தில் தானே டேப்பைத் தட்டுவார். படிவம் ஒரு முறை தாவியிருக்கும், அவர் ஒரு முறை தாவுவார். நடுக் கட்டம் காலியாக நிற்கும், மீதி எண்கள் இடம் மாறி விழும். திருத்தலாம் என்று ஷிஃப்ட் டேப்பில் திரும்பி வந்து ஒரு எண்ணை மாற்றினால், கட்டம் நிறைந்துவிட்டது என்று மறுபடி முன்னால் தள்ளிவிடும். கண் தெரியாத மாணவருக்கோ, அடித்துக்கொண்டிருக்கும்போதே திரைவாசிப்பான் திடீரென்று வேறு கட்டத்தின் பெயரைச் சொல்லும்.

இந்த வருடம் ஆதார் எண்ணையே கேட்கவில்லை. உதவித்தொகை கொடுக்க அது எங்களுக்குத் தேவையும் இல்லை. வங்கிக் கணக்கு எண் ஒரே நீளக் கட்டம். நடுவில் இடைவெளி விட்டு அடித்தாலும் ஏற்றுக்கொண்டு நாங்களே நீக்கிக்கொள்வோம். வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி 11 எழுத்து. அதில் ஐந்தாவது எப்போதும் சுழியம், ஓ என்ற எழுத்து இல்லை. அங்கே ஓ விழுந்தால் படிவமே சுழியமாக மாற்றிக்கொள்ளும். போனுக்கு வரும் ஓடிபிக்கும் ஆறு குட்டிப் பெட்டிகள் வேண்டாம், ஒரே கட்டம். பேஸ்ட் செய்ய முடியும், போன் தானாக எடுத்துக்கொடுக்கவும் முடியும்.

ஓடிபிக்கு எவ்வளவு நேரம் தருவது என்பதிலும் ஊர் நிலவரம் வந்து நிற்கிறது. பிள்ளை சேரன்மாதேவியில் நிற்கும். போன் முக்கூடலில் பீடி சுற்றிக்கொண்டிருக்கும் அம்மாவிடம் இருக்கும். சென்டர் போனிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டு, அம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு எண்ணை வாசிக்கச் சொல்லி, அது இங்கே வந்து சேர இரண்டு நிமிடம் எந்த மூலைக்கு? பதினைந்து நிமிடம் வைத்திருக்கிறோம்.

மாவட்டத் தேர்வுக்கு வருவோம். சொந்த மாவட்டம் நான்கில் ஒன்று என்பதால் பட்டியலே வேண்டாம், நான்கு ரேடியோ பட்டன். அம்பு விசையில் முடிந்துவிடும். கல்லூரி எந்த மாவட்டத்தில் என்ற கேள்விதான் சிக்கல். தமிழ்நாட்டின் 38 மாவட்டமும் வேண்டும். தேடிப் பார்க்கும் வசதியுள்ள நவீனப் பட்டியலா, பிரவுசரின் சாதாரண செலக்ட்டா?

சாதாரண செலக்ட்டில் முதல் சில எழுத்துகளை அடித்தால் அந்த இடத்துக்குத் தாவிவிடும். கை பழகியவர்களுக்கு இதைவிட வேகமான ஒன்று கிடையாது. ஆனால் பட்டியல் தமிழில் இருந்து, கீபோர்டு ஆங்கிலத்தில் இருந்தால் தாவாது. திருநெல்வேலிக்குப் போக அம்பை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் வைத்தால் தமிழில் படிக்கிற பிள்ளையின் அப்பாவுக்குச் சரிபார்க்க முடியாது. இரண்டையும் சேர்த்தேன்: ஒவ்வொரு வரியிலும் ஆங்கிலப் பெயர் முதலில், தமிழ்ப் பெயர் பின்னால். நம் மாநிலத்தில் 'டி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் மாவட்டங்கள் ஏராளம்: தென்காசி, தேனி, தஞ்சாவூர், தூத்துக்குடி, திருச்சி, திருநெல்வேலி, திருப்பூர், திருவாரூர் என்று வரிசை. அந்த ஒரு விசையையே திரும்பத் திரும்பத் தட்டினால் ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். ஆறேழு எழுத்தைத் தொடர்ந்து அடித்தால் நேராகப் போய் நிற்கும். எந்த ஸ்பெல்லிங் என்பதும் முக்கியம். திருநெல்வேலியை எச் சேர்த்தும் எழுதுகிறோம், சேர்க்காமலும் எழுதுகிறோம். தூத்துக்குடிக்குப் பழைய ஆங்கிலப் பெயர் வேறு. அரசு இப்போது பயன்படுத்தும் எழுத்துக்கூட்டலையே வைத்தேன், அதுதான் சான்றிதழிலும் இருக்கும்.

செலக்ட்டில் ஒரு எச்சரிக்கை. விண்டோஸில் பட்டியலைத் திறக்காமலே அம்பை அழுத்தினால் ஒவ்வொரு அழுத்தலுக்கும் மதிப்பு மாறும். மாறியவுடன் தாலுகா பட்டியலை எடுத்து வா என்றோ பக்கத்தைத் திருப்பு என்றோ எழுதியிருந்தால், கீபோர்டுக்காரர் தன் மாவட்டத்தை அடையும் முன்பே பக்கம் துள்ளிக்கொண்டிருக்கும். வலை அணுகல் நெறிகளில், அதாவது இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2023 அக்டோபரில் வெளியிட்ட டபிள்யூசிஏஜி 2.2 வரையிலும், ஒரு கட்டத்தின் மதிப்பை மாற்றியதற்காக முன்னறிவிப்பு இல்லாமல் சூழலை மாற்றாதே என்ற விதி உண்டு. கிராமத்துக்குப் பட்டியலே வைக்கவில்லை. வெறும் எழுத்துக் கட்டம். ஊர்ப் பெயரை எழுத நம் பிள்ளைகளுக்கு யாரும் பட்டியல் கொடுக்க வேண்டியதில்லை.

தமிழில் அடிக்க வேண்டிய கட்டங்கள் தனிப் பிரச்சினை. சான்றிதழில் பெயர் ஆங்கிலத்திலும் தமிழிலும் இருக்கிறது. 'பெயர் ஆங்கிலத்தில், பெயர் தமிழில், தந்தை பெயர் ஆங்கிலத்தில், தந்தை பெயர் தமிழில்' என்று அடுத்தடுத்து வைப்பதுதான் பார்வைக்கு ஒழுங்கு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கீபோர்டு மொழியை மாற்ற வேண்டும். மறந்தால் அடித்ததை அழித்து மறுபடி அடிக்க வேண்டும். அக்காதான் வழி சொன்னார்: "தமிழ் எல்லாத்தையும் ஒரே எடத்துல போட்டுருங்க தம்பி, ஒருவாட்டி மாத்துனா போதும்லா." ஆங்கிலக் கட்டங்கள் முடிந்தபின் தமிழ்க் கட்டங்கள் எல்லாம் ஒன்றாக. தாளின் வரிசை இதனால் கொஞ்சம் குலைகிறது, உண்மைதான். ஆனாலும் மொழி மாற்றுவது ஒரு முறை போக, ஒரு முறை வர, இரண்டோடு முடிகிறது. திரைவாசிப்பான் தமிழைத் தமிழ்க் குரலில் வாசிக்க, பக்கத்தின் மொழி தமிழ் என்று குறித்திருப்பதும் அவசியம். என்விடிஏவோடு வரும் இலவசக் குரலுக்குத் தமிழ் தெரியும். நாம்தான் சொல்ல வேண்டும்.

எழுத்து வரம்பிலும் கவனம் வேண்டும். இசக்கியம்மாள் என்று நம் பக்கத்துப் பெயர். நாம் எண்ணினால் எட்டு எழுத்து. புள்ளியையும் கொம்பையும் காலையும் கணினி தனித்தனியாக எண்ணும், அதன் கணக்கில் 13. போன வருடம் நான் வைத்த வரம்பு 20. நீளமான பெயர்கள் பாதியில் நின்றன, அடிக்கிறவர் திரையைப் பார்க்காததால் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். சில பிள்ளைகளின் பெயர் அப்படியே வெட்டுப்பட்டு உதவித்தொகைச் சான்றிதழில் அச்சானது. இப்போது 100. தட்டச்சு உதவி மென்பொருளில் சொல்லைத் தேர்வு செய்ய அடிக்கும் என்டரைப் படிவத்துக்கான என்டராக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் என்டர் நகர்வு எழுதும்போது சேர்த்தேன். தமிழ் அடிக்காத ஒருவர் இதை யோசித்திருக்கவே மாட்டார்.

ஆல்ட் விசையோடு எண்ணையோ எழுத்தையோ அழுத்தினால் குறிப்பிட்ட கட்டத்துக்குப் போகும் குறுக்குவிசைகளை வைக்கலாமா என்றும் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். சென்டர்களில் ஆல்ட்டோடு எண்ணை அழுத்தித்தான் தமிழுக்கு மாறுகிறார்கள். இரண்டும் மோதும்.

ஒரே நீளப் பக்கமா, பகுதி பகுதியாகவா? அக்காவுக்கு ஒரே பக்கம்தான் பிடிக்கும். டேப்பை அடித்துக்கொண்டே கீழே போய்விடலாம். போனில் நிரப்பும் பிள்ளைக்குப் பகுதிகள் வசதி. இங்கே அக்காவின் பக்கம் நான் நிற்கவில்லை. காரணம் கரண்ட். ஆற்றங்கரை ஊர்களில் காற்று மழை அடித்தால் எப்போது போகும் என்று தெரியாது. யுபிஎஸ் கணினியைக் காப்பாற்றும், நெட்டைக் காப்பாற்றாது. ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் அடித்துவிட்டுக் கடைசியில் அனுப்பும்போது நெட் போனால் மொத்தமும் போச்சு. மூன்று பக்கம் வைத்தேன், தாள்களின் கணக்கில்: அடையாளமும் முகவரியும், மார்க் ஷீட், பேங்க் பாஸ்புக். ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் சேமிக்கப்படும். கையில் எடுத்த ஒரு தாள் முடிந்தால் ஒரு பக்கம் முடியும். அடுத்த பக்கம் வந்ததும் திரைவாசிப்பான் அதன் தலைப்பை, '3-இல் 2' என்பதோடு வாசிக்கும். கட்டங்கள் எல்லாம் ஒரே பத்தியாக, ஒன்றன்கீழ் ஒன்று. இரண்டு பத்தி வைத்தால் கண் கீழே போகும், டேப் பக்கவாட்டில் போகும்.

பிழை காட்டும் விதம். அடித்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பில் எச்சரிப்பது தாளைப் பார்க்கிறவருக்குத் தெரியாது, காதால் கேட்கிறவருக்குத் தொந்தரவு. எல்லாம் சரியாகும் வரை 'அடுத்து' பட்டனை மங்கலாக முடக்கி வைப்பது அதைவிட மோசம்: முடக்கிய பட்டனில் டேப் நிற்காது, ஃபோகஸ் பக்கத்தை விட்டே வெளியே போய்விடும், ஏன் என்று யாருக்கும் புரியாது. பட்டன் எப்போதும் உயிரோடு இருக்கும். அழுத்தினால், பிழைகளின் பட்டியல் பக்கத்தின் மேலே வரும், ஃபோகஸும் அங்கே போகும், ஒவ்வொரு பிழையிலும் என்டர் அடித்தால் அந்தக் கட்டத்துக்கே கொண்டுபோய் விடும்.

ஃபோகஸ் எங்கே நிற்கிறது என்று காட்டும் கோட்டை அழகுக்காக அழிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தடிமனான அடர்நீலக் கோடு வைத்திருக்கிறேன். வெயில் அடிக்கும் கடைமுகத் திரையிலும் தெரிகிறது.

எந்திரங்கள் நிரப்பாமல் தடுக்கப் படத்தில் நெளிந்த எழுத்துகளைக் காட்டும் சோதனையை எடுத்துவிட்டேன். கண் தெரியாத பிள்ளை அந்த இடத்தில்தான் யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாக மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொய்க் கட்டம். அதை எந்திரம் நிரப்பினால் மாட்டும். அந்தக் கட்டத்தில் டேப் நிற்காதபடியும் திரைவாசிப்பான் வாசிக்காதபடியும் செய்ய வேண்டும், இல்லையென்றால் மாட்டுவது அக்காவும் அந்த மாணவரும்தான்.

கூட்டத்தில் ஒருவர் கேட்டார், "கண்ணு தெரியாத பிள்ளைங்க எத்தன பேரு வந்துரப் போறாங்க?" 1890-லேயே ஆஸ்க்வித் அம்மையார் கண் தெரியாதவர்களுக்குப் பள்ளி தொடங்கிய ஊர் பாளையங்கோட்டை. நூற்றுமுப்பது வருடத்துக்கு மேலாக இங்கே அந்தப் பிள்ளைகள் படித்து வெளியே வருகிறார்கள். நம் படிவத்தில் அவர்கள் பெயர் இல்லை என்றால் படிவத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அவர் மறுக்கவில்லை. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் பற்றியும் சொல்ல வைத்திருந்தேன், அதற்கு வேலை வரவில்லை.

சான்றிதழ் சேர்க்க, இழுத்துப் போடும் பெட்டியை விட்டுவிட்டுப் பிரவுசரின் சாதாரண கோப்புத் தேர்வையே வைத்தாயிற்று. ஸ்பேஸ் அடித்தால் திறக்கும். இன்னும் முடிவாகாதது ஒன்றுதான். ஒரே தாளில் முன்பக்கம் பின்பக்கம் என்று இரண்டு ஸ்கேன் வந்தால் ஒரே கட்டத்தில் இரண்டு கோப்பா, இரண்டு கட்டமா? அடுத்த வாரம் சேரன்மாதேவிக்குப் போகிறேன். மவுஸைக் கழற்றி மேசை டிராயரில் வைத்துவிட்டு, பழைய விண்ணப்பத் தாள்கள் பத்தை அக்காவிடம் கொடுத்து இரண்டு விதமாகவும் அடித்துப் பார்க்கச் சொல்லப் போகிறேன். பாளையங்கோட்டை மாணவரும் தன் மடிக்கணினியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.